கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளி



கேமரன் மலை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை தேயிலை, காய்கறி, ஸ்ட்ராபெரி, குளிர். பள்ளிச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாம், தாப்பா வழியாக ஏறித் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, வேக வைத்த சோளத்தை வாங்கித் தின்றுவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறோம். (வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பை கொடுப்பதிலேயே பாதிப் பயணம் முடிந்துவிடும் என்பது வேறு செய்தி!) அந்த மலையில் 1952 முதல் 2001 வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், வெளிநாட்டுச் சமயத் தொண்டர்களின் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி இயங்கியது என்பதை நம்மில் பலர் அறியோம். அதன் பெயர் சீஃபூ பள்ளி. சீன நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர் பகாங் மலைக்கு எப்படி ஏறி வந்தது என்பதே ஒரு தனி வரலாறு.

சமயத்தைப் பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்ற முறையில் என்னை ஈர்த்தது வேறொன்று. ஆறு வயதுப் பிள்ளையின் உடல் நலத்துக்காக அப்பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாமா? இந்தக் கேள்வியை அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்தன. நம் நாட்டில் அது இன்னும் முடிந்துபோன கேள்வியன்று.

முதலில், மலை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

வெப்பமண்டல நாடுகளுக்குச் சென்ற ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களைக் கொன்றவை பெரும்பாலும் வாந்திபேதி, சீதபேதி, மலேரியா ஆகியவையே. இதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் அடுத்தடுத்து நோய்க்குப் பலியாகின. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலைத்தொடரில் மேலும் உயரமான கொடைக்கானலைத் தேர்ந்து, 1845இல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் தேனிலவுக்கும் கோடை விடுமுறைக்கும் போகும் ஊர், பிள்ளைகளைச் சாவிலிருந்து காப்பாற்றிக் கொள்ளப் பெற்றோர் தேடிய புகலிடமாகத் தொடங்கியது. 1901இல் அங்கே அவர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியும் தோன்றியது. சீஃபூ பள்ளியைப் புரிந்துகொள்ளக் கொடைக்கானல் நல்ல முன்னோட்டம்.

மலாயாவின் நிலை இன்னும் சிக்கலானது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். அதே முறை குன்றுப் பகுதித் தோட்டங்களில் பலிக்கவில்லை. காரணம், அங்கே நோயைப் பரப்பியது வேறு வகைக் கொசு. 'அனாபிலிஸ் மாகுலேட்டஸ்' என்னும் அக்கொசு தேங்கிய சேற்று நீரில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த ஓடைகளையே விரும்பும். காட்டை வெட்டி ஓடைகளுக்கு வெளிச்சம் காட்டிய இடமெல்லாம் காய்ச்சல் பெருகியது! காட்டை அழித்து முதன்முதலாகத் தோட்டம் திறந்த நம் முன்னோர் கொத்துக் கொத்தாக மடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டம் என்ற தொழிலே நோயைப் பெருக்கியது.

ஆனால் 1,400 மீட்டருக்கு மேல் நிலைமை மாறுகிறது. சூழலின் வெப்பம் சுமார் 16 முதல் 18 பாகை செல்சியசுக்குக் கீழே போனால், கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர்ச்சியடைவது நின்றுவிடும். தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அந்த எல்லையிலேயே இருக்கிறது. குளிரே மருந்து. இந்த விளக்கமெல்லாம் தெரிவதற்கு முன்பே, வெறும் பட்டறிவால் மலையேறிவிட்டார்கள்.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையர் இம்மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துவிட்டுப் போன பின்னரே மலைவாழிடம் அமைக்கும் பணி சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அதுவே போ தோட்டம். இலங்கையில் பழுத்த பட்டறிவு பெற்ற தேயிலைத் துரை ஒருவரும் அவருக்குத் துணையாக இருந்தார். சிங்கப்பூரில் பள்ளி நடத்திய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் என்னும் அம்மையார், 1934இல் இம்மலையில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக விடுதிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அதுவரை துரைமார்கள் தம் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். மீண்டும் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதை நோக்க, கேமரன் மலை பக்கத்து வீடு போலத்தான்.

இனி, சீஃபூவின் கதை.

சீன உள்நாட்டு மிஷன் என்னும் அமைப்பை 1865இல் நிறுவியவர் ஹட்சன் டெய்லர். அவர் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 1866இல் மனைவி மரியாவுடனும் நான்கு பிள்ளைகளுடனும் சீனாவுக்குக் கப்பலேறினார். 1867இல் எட்டு வயது மகள் கிரேஸ் இறந்தாள். 1870 தொடக்கத்தில், மூத்த பிள்ளைகளை நலம் கருதி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஐந்து வயது மகன் சாமுவேல் இறந்தான். மற்ற மூவரும் கப்பலேறினர். அதே ஆண்டு சூலையில் பிறந்த குழந்தை இரண்டு வாரமும் உயிருடன் இல்லை. அதற்கு மூன்று நாள் கழித்துத் தாய் மரியாவும், 33 வயதில், கண் மூடினார். கப்பலில் போன பிள்ளைகள் பிறகு தாயைப் பார்க்கவே இல்லை.

'இவர்கள் ஏன் போனார்கள், யார் போகச் சொன்னார்கள்?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பெரியவர்கள் தாமே தேர்ந்தெடுத்த துன்பத்தைப் பெருமையாகப் பேசலாம், பிள்ளைகள் தேர்ந்தெடுக்கவில்லையே! இந்த மனக்குறையை அவ்வமைப்பும் ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். டெய்லர் தாமே நோயுற்று வடசீனக் கடற்கரையிலுள்ள சீஃபூவில் தங்கி உடல் தேறியவர். நல்ல கடற்காற்று வீசும் அந்த இடத்தில் ஓய்வில்லமும், 1881இல் பள்ளியும் தொடங்கப்பட்டன. (இன்று அவ்வூரின் பெயர் யாந்தாய்.) பிள்ளைகளை இங்கிலாந்து வரை அனுப்ப வேண்டியதில்லை, அதே நாட்டில் வைத்துக்கொள்ளலாம். 'டைம்' இதழை நிறுவிய ஹென்றி லூசும், நாடக ஆசிரியர் தார்ன்டன் வைல்டரும் அங்கே படித்தவர்களே.

'அதே நாடு' என்பது சீனாவைப் பொறுத்தவரை பெரிய ஆறுதலன்று. பெற்றோர் உள்மாநிலங்களில், பிள்ளைகள் கடற்கரையில். இடையே பல வாரப் பயணம். 1941 திசம்பரில் போர் வெடித்ததும் அந்த வழியும் அடைபட்டது. 1942 நவம்பரில் சப்பானியர் பள்ளியைக் கைப்பற்றி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் அவ்வூரிலேயே சிறைவைத்தனர். 1943 செப்டம்பரில் வெய்சியன் முகாமுக்கு மாற்றினர். சுமார் 1,500 பேர் அடைபட்டிருந்த முகாம் அது.

ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி இது. பெற்றோர் இல்லாத பிள்ளைகள், பட்டினி, முள்வேலி. அங்கே அந்த ஆசிரியர்கள் பள்ளியை நிறுத்தவில்லை. பாடம் நடந்தது, தேர்வு நடந்தது, சாரணியர் கூட்டம் நடந்தது. தகரக் குவளையில் ஊற்றிய கூழானாலும் நிமிர்ந்து உட்கார்ந்து முறையாக உண்ண வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் கெடும் என்று அஞ்சிய முகாம் மருத்துவர்கள், முட்டை ஓடுகளைச் சேர்த்து இடித்துத் தூளாக்கிக் கரண்டியில் ஊட்டச் செய்தனர். 1924 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடல் அந்த முகாமில் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து, விளையாட்டு நடத்தினார். அவருடைய சொந்த மனைவி மக்கள் கனடாவில். கடைசி மகளின் முகத்தையே பார்க்காமல், 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் முகாமிலேயே மாண்டார்.

ஆகத்து 17ஆம் நாள், விமானத்திலிருந்து குதித்த எழுவர் கொண்ட அமெரிக்க மீட்புக் குழு முகாமை விடுவித்தது. டெய்லரின் கொள்ளுப்பேத்தி மேரியும் அவருடைய உடன்பிறந்தாரும் அப்போது பெற்றோரைப் பிரிந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பின்னாளில் அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினரான மேரி டெய்லர் பிரிவைட், தம்மைக் காத்தது அந்த ஆசிரியர்கள் விடாமல் கடைப்பிடித்த ஒழுங்கும் அன்றாட நடைமுறைகளுமே என்று பலமுறை எழுதியும் பேசியும் வந்தார். 2019இல் காலமானார்.

பெருமைப்படத்தக்கதுதான். ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இவ்வளவு நல்ல ஆசிரியர்கள் தேவைப்பட்டதே, பிள்ளைகள் பெற்றோருடன் இல்லாததால்தான்.

1949இல் சீனாவில் ஆட்சி மாறியது. 1951க்குள் அயல்நாட்டுத் தொண்டர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அவ்வமைப்பு தன் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. 1964இல் பெயரையும் வெளிநாட்டுத் தொண்டுக் கூட்டுறவு என்னும் பொருள்பட மாற்றியது. அப்போது மலாயாவில் அவசரகாலம். பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரச் சீனர்கள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். சீன மொழி தெரிந்த செவிலியரும் ஆசிரியரும் அங்கே தேவைப்பட்டனர். சீனாவிலிருந்து வந்தவர்கள் பலர் அப்பணியில் சேர்ந்தனர். வேறு சிலர் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சப்பான் எனப் பிரிந்தனர். பிள்ளைகளுக்கான பள்ளி 1952இல் கேமரன் மலையில் திறக்கப்பட்டது. பழைய பெயரே தொடர்ந்தது.

முள்வேலிக்குத் தப்பி வந்தவர்கள் தேர்ந்த இடத்தைப் பாருங்கள்! உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1951 அக்டோபரில். தாப்பா சாலையும் அச்சம் நிறைந்ததே. வாகனங்கள் படைக்காவலுடன் அணியாகவே ஏறின. தானா ராத்தாவில் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான சிலிம் பள்ளியும் அதே காலத்தில், 1951 முதல் 1964 வரை, இயங்கியது. துப்பாக்கிக் காவலில் பள்ளிக்கூடம்! இருந்தும் மலையையே தேர்ந்தனர் என்றால், கீழே காய்ச்சலுக்கு எவ்வளவு அஞ்சினர் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சீஃபூ பள்ளி தொடக்கப்பள்ளி. ஆறு வயதில் சேர்ந்து பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெளியேறுவர். அதன் பிறகு மணிலாவுக்கோ தாய்நாட்டுக்கோ போக வேண்டும். அதாவது இன்னொரு பிரிவு. பெற்றோரோடு இருப்பது நெடிய விடுமுறைகளில் மட்டும். மற்ற நாளெல்லாம் கடிதம். இக்காலப் பிள்ளைகளுக்கு அது விளங்காது. அழைப்பு எடுக்க ஐந்து நிமிடம் தாமதமானாலே நம் வீட்டில் கலவரம்.

பெற்றோர் இருந்த இடமோ பாதுகாப்பானதன்று. 1974 ஏப்ரலில் தென் தாய்லாந்தில் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றிய இரு செவிலியர் கடத்தப்பட்டனர்; அடுத்த ஆண்டு அவர்களின் உடல்களே கிடைத்தன. 1978 சனவரியில் நடுத் தாய்லாந்தின் மனோரம் மருத்துவமனையைச் சேர்ந்த குடும்பங்கள் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகிப் பன்னிருவர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் பலர். மலேரியாவுக்கு மலையில் புகலிடம் உண்டு. இவற்றுக்கு எந்த மலையிலும் இல்லை.

சீஃபூ திறந்த காலத்திலேயே வேறொரு செய்தியும் உலகுக்கு வந்துகொண்டிருந்தது. 1951இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்னும் உளவியலறிஞர் எழுதிய அறிக்கை, தாயின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு உணவைப் போன்றது என்ற கருத்தை முன்வைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் பாடத்தில் இப்பெயரை நாமெல்லாம் மனப்பாடம் செய்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை 1950களில் ஆராய்ந்த ரூத் யூசிம் அம்மையார், இத்தகைய பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று குறித்தார். பெற்றோரின் நாடும் தமதன்று. வளரும் நாடும் தமதன்று. பல மொழி, பல நாட்டு அறிவு வாய்க்கிறது. "உன் ஊர் எது?" என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் இரு விதமாகவும் பேசியிருக்கிறார்கள். சிலருக்கு அது காடும் ஓடையும் தோழரும் நிறைந்த பொற்காலம். சிலருக்கு ஆறாத புண். ஒரே குடும்பத்து உடன்பிறந்தாருக்குள்ளேயே இரு விடையும் கிடைப்பதுண்டு.

இதே மலையில் இன்னொரு பிள்ளைக் கூட்டமும் வளர்ந்தது. நம் பிள்ளைகள்.

தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்துக்குக் குளிர் மருந்தன்று. பனியில் நனைந்த செடிகளுக்கிடையே விடியற்காலையில் இறங்க வேண்டிய வேலை நேரம். சளியும் நெஞ்சடைப்பும் மலைக்குரிய நோய்கள். லயத்து வீட்டில் ஈரம் காயாது. முதுகில் கூடையோடு தாய் கொழுந்து பறிக்கப் போனால், கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். என் தாயார் கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர். "சாக்குத் தொட்டிலில் வரிசையாகத் தொங்கினோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிரசர் கொடுக்கும் கசப்பு மருந்துதான். வேறொரு மலைக்கு அனுப்பி உடல் தேற்றுவதற்கு யாருக்கு வழி இருந்தது?

பள்ளியும் அப்படியே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை. ஆயினும் அந்தச் சிறு விதை தானா ராத்தா, ரிங்லெட், போ, புளூ வேலி எனத் தமிழ்ப்பள்ளிகளாக இம்மலையில் வேர் பிடித்தது. சீஃபூ பிள்ளைகளிடம் நூலகமும் செவிலியரும் நல்ல உணவும் இருந்தன; பெற்றோர் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இவை எவையும் இல்லை. ஆனால் மாலையில் கூடையை இறக்கிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தார். இதை வைத்து வறுமையைப் புகழ எனக்கு மனமில்லை. வந்த அம்மாவுக்குப் பேசும் தெம்பு இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. யார் உடல் நலத்துக்காக மலை திறக்கப்பட்டது, யார் உடல் உழைப்பால் அது நடந்தது என்ற வேறுபாட்டை மட்டும் நம் வரலாற்றுப் பாடம் சொல்லாமல் விடக்கூடாது.

சீஃபூ 2001இல் மூடப்பட்டது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. நகரங்களில் பன்னாட்டுப் பள்ளிகள் பெருகிவிட்டன, வீட்டுக்கல்வி பரவியது, தடுப்பூசியும் நல்ல மருந்தும் கீழ்நாட்டிலேயே கிடைத்தன. ஆறு வயதில் பிள்ளையை அனுப்பப் பெற்றோரும் முன்போல் ஒப்பவில்லை. நோய் என்ற காரணம் போன பின், பிரிவுக்கு ஏது காரணம்?

ஆனால் பிரிவு மலேசியாவில் முடியவில்லை. காட்டின் உட்பகுதியில் வாழும் பூர்வகுடிப் பிள்ளைகள் பலர், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவால், ஏழு வயதிலேயே விடுதிக்கு வருகின்றனர். 2015 ஆகத்தில் கிளந்தான் குவா மூசாங்கை அடுத்த தோஹோய் பள்ளி விடுதியிலிருந்து ஏழு பூர்வகுடிப் பிள்ளைகள் தண்டனைக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடினர். ஐவர் மாண்டனர். ஏழு வாரத்துக்குப் பின் இருவர் மட்டும் எலும்பும் தோலுமாக உயிருடன் கிடைத்தனர். அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் என்னால் முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் இயல்பாக நுழைய முடியவில்லை. அவர்களும் அதே உயரம்தான்.

நம் பெற்றோர் பலர் ஆறாம் ஆண்டின் இறுதியில் வந்து, "சார், முழு உறைவிடப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பதின்மூன்று வயது ஆறு வயதன்று. நல்ல வாய்ப்புகளும் அங்கே உண்டு. வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தேர்ச்சி விழுக்காட்டை அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு சில: விடுதியில் இரவில் காய்ச்சல் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்? அழுதால் யாரிடம் போகலாம்? வாரத்தில் எத்தனை முறை பேசலாம்? தமிழ் பேச ஒருவராவது இருப்பாரா? அதோடு, பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, போக விருப்பமா என்று அவனிடமும் கேட்கச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வி அதுவரை கேட்கப்பட்டிருப்பதில்லை.